செங்குக்குப் போக மறுத்த கல்யாண கார்டு

மலாக்கா டவுனில் கல்யாணம் செய்துகொண்ட தமிழர்களில் பாதிப் பேர் தனபாலன் அடித்த கார்டைக் கொடுத்துத்தான் செய்துகொண்டார்கள். மீதிப் பாதி ஓடிப்போனவர்கள். அவர்களிலும் இரண்டு ஜோடி, ஓடிய களைப்பு தீர்ந்ததும் அவரிடமே வந்து, ஒரு நினைவுக்கு இருக்கட்டும் என்று கார்டு அடித்துக்கொண்டு போனதாகப் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனிதருடைய சொந்த மகள் ஷாந்தினியின் கல்யாண கார்டு, ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நடுப்பகலில், கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

கார்டு தயாராகத்தான் இருந்தது. பிள்ளையார் தலைமாட்டில், பெயர்கள் வரிசை மாறாமல், எந்தச் சித்தப்பாவும் விட்டுப்போகாமல், காய்கறிப் பாசார் பக்கத்துச் சந்தில் இருந்த அவருடைய கடைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. அது செங் வட்டாரத்தில் இருக்கும் அச்சுத் தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் கிலாங்குக்கு, போய்ச் சேர வேண்டும். காரில் போனால் போக்குவரத்து நெரிசலோடு சேர்த்து அரை மணி நேரப் பாதை. ஆனால் காரில் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் சிக்கலே.

முன்பெல்லாம் தனபாலன் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடுவார். அதைக் கெடுத்தது எவனோ கொண்டுவந்த வேறொரு பென் டிரைவ். அதில் இருந்த வைரஸ் மெஷினுக்குள் இறங்கி, மீன் உருண்டைப் பெட்டிகள் அத்தனையிலும் மீன் படத்துக்குப் பதிலாக ஒரு குழந்தையின் காதணி விழாப் படத்தை அடித்துத் தள்ளிவிட்டது. பெட்டிகள் கடைக்கும் போய்விட்டன. மீன் உருண்டை முன்னைவிட அதிகம் விற்றது. கம்பெனிக்காரன் அடுத்த தடவையும் அதே குழந்தையைப் போடச் சொல்லிக் கேட்டான். குழந்தையின் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கிலாங்கில் பென் டிரைவுக்குத் தடை. எல்லாம் 'கர்ல்' என்ற ஒன்றின் வழியாகத்தான் வரவேண்டும் என்று அங்கே பொறுப்பில் இருக்கும் நிஜாம் சட்டம் போட்டுவிட்டான்.

கர்லுக்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் ஒரு நீளமான வரியைத் தட்டி எண்டரை அழுத்தினால் கோப்பு போய்ச் சேரும் என்பது நிஜாம் சொன்னது. அழுத்தினால் திட்டு விழும் என்பது தனபாலன் கண்டது.

இதற்கு மேல் காத்திருக்க முடியாதபடி கழுத்தைப் பிடித்தவர் சம்பந்தி இருளாண்டி. செர்காமில் படகு இஞ்சின் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆவணி பிறக்கிறது. அன்று காலை செர்காம் அம்மன் கோயிலில் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் கார்டை அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் ஊரை அழைப்பது அவர் குடும்ப வழக்கம். முந்தின நாள் போன் செய்தபோது குரலில் தேன் வடிய ஒன்று சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம கார்டு வரலன்னா பரவால்ல சம்பந்தி. நம்ம ஜாசின் ஆளு ஒரே நாள்ல அடிச்சிக் குடுத்துருவான். நீங்க சிரமப்படாதீங்க லா."

ஜாசின் டவுன் ஆளின் கார்டு எப்படி இருக்கும் என்று தனபாலனுக்குத் தெரியும். பொண்ணும் மாப்பிள்ளையும் கார்ட்டூன் தலையோடு படகில் உட்கார்ந்திருப்பார்கள். மினுமினுப்புத் தூள், தொட்டவன் விரலில் பேரன் பிறக்கும்வரை ஒட்டியிருக்கும். திறந்தால் நாதஸ்வரம் வாசிக்கும். டுரியான் துங்காலில் ஒரு வீட்டில் மூடிய பிறகும் வாசித்து, பீரோவில் வைத்துப் பூட்டியும் அடங்காமல், கடைசியில் அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுக்கேட்டுப் பழகிப்போய் இரண்டாவது மகளுக்கும் உடனே வரன் பார்த்துவிட்டார்கள். தன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கார்டா? அதற்குப் பதில் கடையை மூடிவிட்டுக் கோழி வளர்க்கலாம் என்று தனபாலன் நினைத்தார்.

நிஜாமும் கறாராகச் சொல்லிவிட்டான். ஜும்மாவுக்குப் போகுமுன் கோப்பு வந்தால் அச்சுப் பிளேட் போட்டு, தொழுதுவிட்டு வந்ததும் ஓட்டிவிடலாம். அதற்குப் பிறகு மெஷின் மூன்கேக் பெட்டிக்குத் தங்க மை ஏற்றிக்கொள்ளும். அப்புறம் அது சீனர் பண்டிகை முடியும்வரை வேறு எந்த நிறத்தையும் ஏறிட்டுப் பார்க்காது. காலையிலேயே அனுப்பியிருக்கலாமே என்றால், வெள்ளிக்கிழமை ராகு காலம் நடுப்பகல்வரை குறுக்கே படுத்திருந்தது. அது எழுந்து போனபோது தனபாலன் கையில் மிஞ்சியது முக்கால் மணி நேரம்.

வரியை நிஜாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பும் இல்லை, அன்றுவரை இன்டர்நெட்டும் இல்லை. ஹேண்ட்போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, வரியைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டினார். தட்டியதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை. முக்காற்புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம் விடவேண்டும் என்பது அச்சுத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது. நிஜாம் விடாத இடத்தையெல்லாம் தனபாலன் பெருந்தன்மையோடு விட்டுக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு கிலாங்கே இந்த உலகத்தில் இல்லை என்று கறுப்புத் திரை சொல்லிவிட்டது.

போன வாரம்தான் அந்தக் கிலாங்கில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார். இல்லை என்றால் எப்படி?

நிஜாமைக் கூப்பிட்டார். நிஜாம் இடத்தையெல்லாம் எடுக்கச் சொன்னான். பேசிக்கொண்டே எடுத்து, பேசிக்கொண்டே எண்டரை அழுத்தினார். இப்போது, உனக்கு இணைப்பே இல்லை என்றது. நிஜாம் தன் பக்கம் எதையோ அணைத்துப் போட்டுவிட்டு, மறுபடி அழைத்து, இப்போது பாருங்கள் என்றான். அழுத்தினார். இணைப்பு இல்லை. போனை வைத்துவிட்டுத் தனியே அழுத்தினால் கொஞ்ச தூரம் போகிறது. போனதா என்று கேட்க நிஜாம் அழைத்தால் அறுந்துவிடுகிறது. அந்தப் பழைய ஹேண்ட்போன் பேசும்போது இன்டர்நெட்டை நிறுத்திவிடும் ஜாதி என்பது புரிவதற்குள் நிஜாம் அக்கறையோடு நான்கைந்து தடவை அழைத்து, நான்கைந்து தடவையும் அறுத்திருந்தான். இடையில் ஷாந்தினி வேலையிடத்திலிருந்து அழைத்து, "அப்பா, கார்டு போச்சா?" என்று கேட்டாள். போய்க்கொண்டிருந்தது அந்தக் கேள்வியோடு நின்றது.

கடைசியில் நிஜாமிடம், இனி என் பெண்டாட்டி போனில் கூப்பிடு, உன் அக்கறையை அதில் காட்டு என்று சொல்லிவிட்டு, மேல்மாடியில் இருந்த வீட்டுக்கு ஓடிப்போய் பாக்கியலட்சுமியின் போனை எடுத்து வந்தார். அவள் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். தன் போன் எதற்கு என்று தெரிந்துகொள்ள, கூழ் இருந்த தூக்கோடு பின்னாலேயே இறங்கி வந்தாள்.

இந்த முறை வரி சரி, இணைப்பு சரி. கர்ல் செங்வரை போய்க் கதவைத் தட்டியது. கதவு திறந்தது. தனபாலன் நாற்காலியில் நிமிர்ந்தார். திரையில் ஒரு வரி வந்து விழுந்தது: எதிர்ப்பக்கத்துச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, ஆகவே எதையும் அனுப்பவில்லை.

"நிஜாமு, ஒங்க சர்டிஃபிகேட் செத்துப்போச்சாம் லா."

"அதெல்லாம் சாவல அண்ணே. செப்டம்பர் கடைசி வரைக்கும் உசுரு இருக்கு."

சான்றிதழ் என்றால் என்ன என்று நிஜாம் விளக்கினான். அது நம் அடையாள அட்டை, ஐ.சி. மாதிரி. கிலாங் கம்ப்யூட்டர் தன் ஐ.சி.யைக் காட்டும், இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் வாங்கிப் பார்த்து, ஆள் சரிதான் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும், அதற்கப்புறம் இரண்டும் பேசுவது நடுவில் நிற்கும் யாருக்கும் கேட்காது. ஐ.சி. எந்த நாட்டிலாவது காலாவதி ஆகுமா என்று தனபாலன் கேட்டார். சரி, கார் லைசென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று நிஜாம் இறங்கி வந்தான்.

வைத்துக்கொண்டும் கோப்பு போகவில்லை. தனபாலன் திரும்பத் திரும்ப அழுத்தினார். மெல்ல அழுத்தினார், ஓங்கி அழுத்தினார், வேறு எங்கோ பார்ப்பதுபோல இருந்துவிட்டு அது எதிர்பாராத நேரத்தில் அழுத்தினார். சான்றிதழ் செத்துத்தான் இருந்தது. நிஜாம் அங்கே தன் ஹேண்ட்போனில் பார்த்தான், பக்கத்து மேசையில் பார்த்தான், மேலே கணக்கு எழுதும் பெண்ணின் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தான். எல்லா இடத்திலும் உயிரோடு ஆரோக்கியமாக இருந்தது. மலாக்கா மாநிலத்திலேயே தனபாலன் கடையில் மட்டும்தான் அதற்குச் சாவு. இவர் உன் பக்கம் கோளாறு என்றார். அவன் உங்கள் பக்கம் என்றான். சொல்லிச் சொல்லி இருவருக்கும் குரல் ஏறி, அண்ணே என்ற சொல்லில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அதுவும் ஒரு வசவுபோலக் கேட்க ஆரம்பித்தது.

தனபாலனின் கண் முன்னால் இருளாண்டி ஜாசின் ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் கேட்டது.

நிஜாம் பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, முதலாளிக்குத் தெரிந்தால் தன்னைத் தொலைத்துவிடுவார் என்ற பீடிகையோடு ஒரு வழி சொன்னான். வரியில் 'மைனஸ் கே' என்று ஒன்றைச் சேர்த்தால் கர்ல் சான்றிதழைப் பார்க்காது. ஐ.சி. கேட்காது. எதிரில் யார் நின்றாலும் கோப்பையும் வரியில் இருக்கும் பாஸ்வேர்டையும் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடும்.

தனபாலன் அந்த எழுத்தைத் தட்டியே விட்டார். விரல் எண்டருக்கு மேலே நின்றபோது பாக்கியலட்சுமி தூக்கைக் கீழே வைத்தாள்.

"யாரு என்னன்னு கேக்காம பொண்ணு கார்ட குடுத்து விடப் போறீங்களா?"

"கார்டுதான டீ. பொண்ணையா அனுப்புறேன்?"

"ஒரு ரெண்டெழுத்துப் போட்டா விசாரிக்க வேணாம்னா, நாம எதுக்கு ராமையா அண்ணன செர்காமுக்கு அனுப்புனோம்?"

மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் துப்பு விசாரிக்க, மீன் வாங்க வந்தவர் வேஷத்தில் ராமையாவை அனுப்பி வைத்தவர் தனபாலன்தான். ராமையா வேஷத்தில் ஊறிப்போய் மூன்று வாரம் விடாமல் செர்காமுக்குப் போய், ஒவ்வொரு கடையிலும் இக்கான் பாக்கார் என்று சுட்ட மீனாகச் சாப்பிட்டு விசாரித்தார். பையன் குடிப்பதில்லை, கடன் இல்லை, குடும்பம் கௌரவமானது, சம்பல் மட்டும் காரம் போதாது என்று அறிக்கை கொடுத்தார். இரண்டு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்தார். அவ்வளவு செய்து விசாரித்துக் கொடுத்த பெண். அவளுடைய அப்பா பெயர், தாத்தா பெயர், வீட்டு விலாசம், வீட்டில் யாருமே இருக்கப்போகாத நாள், நேரம் எல்லாம் அந்தக் கார்டில் இருக்கிறது. அதைப் பேர் தெரியாதவன் கையில் கொடுப்பதா?

தனபாலன் மைனஸ் கேயை அழித்தார். அழித்த வேகத்தில் கீபோர்டு ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.

போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நிஜாம், சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டான். அந்தக் கம்ப்யூட்டரில் இன்றைக்கு என்ன தேதி?

தனபாலன் திரையின் மூலையைப் பார்த்தார். பிறகு பாக்கியலட்சுமியைப் பார்த்தார். பாக்கியலட்சுமி கூரையைப் பார்த்தாள்.

"தை மாசம்," என்றார் தனபாலன்.

நிஜாம் தன் பக்கத்துக் காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அண்ணே, நாங்க எல்லாம் இன்னும் ஆடியிலதான் இருக்கோம்."

விஷயம் இதுதான். பழைய கம்ப்யூட்டர் ஆடி பிறந்த கையோடு மண்டையைப் போட்டது. புதிது வாங்காமல் மகள் கார்டை வடிவமைக்க முடியாது. ஆடியில் புதுப் பொருளை ஆரம்பிக்கக் கூடாது என்று பாக்கியலட்சுமி வாசலில் கை நீட்டி மறித்துவிட்டாள்; வாங்கி வந்த பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தது. தேதியைக் கம்ப்யூட்டருக்கு நாம்தானே சொல்கிறோம், வேறு மாதம் சொன்னால் போயிற்று என்று தனபாலன் யோசனை சொன்னார். அவள் காலண்டரை எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஆவணி முகூர்த்தங்களில் ஒன்று தனபாலனுக்குச் சந்திராஷ்டமம். இன்னொன்று அவள் அண்ணன் இறந்த திதி. கடைசி முகூர்த்தம் ஷாந்தினியின் கல்யாணத்துக்கே உரியது; அதில் கம்ப்யூட்டருக்குப் பங்கு கொடுக்க முடியாது. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் மழை, கார்த்திகையில் அவளுக்கு மனசு ஒப்பவில்லை, மார்கழி சொல்லவே வேண்டாம். அப்படியே போய்ப் போய்த் தையில் ஒரு நல்ல புதன்கிழமையைப் பிடித்து, அதை உள்ளே ஏற்றி, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஊர் உலகத்துக்கு ஐந்து மாதம் முன்னால், பொங்கலைத் தாண்டித் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணக்கில் ஷாந்தினிக்குக் கல்யாணமாகி மாதங்கள் ஆகிவிட்டன. நிஜாமின் சான்றிதழ் செத்தும் அதே அளவு ஆகிவிட்டது. கர்ல் பொய்யே சொல்லவில்லை. சொன்னது எல்லாம் உண்மை, தையில்.

நிஜாம் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை என்றான். தேதியை இன்றைக்கு மாற்றுங்கள், ஒரு நிமிஷ வேலை என்றான்.

பாக்கியலட்சுமி அசையவில்லை. தையிலிருந்து ஆடிக்கு இறங்கி, ஆடியில் மகள் கார்டை வெளியே அனுப்புவதா? அதைவிட ஜாசின் கார்டே மேல், அதில் பாட்டாவது கேட்கலாம் என்றாள். தனபாலன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தையில் இருந்தால் செங் நம்பாது. ஆடிக்கு வந்தால் வீடு ஒத்துக்கொள்ளாது. விசாரிக்காமல் அனுப்பினால் தனக்கே தூக்கம் வராது. கம்ப்யூட்டரில் வைரஸ் வந்திருந்தால்கூட மனிதன் நிம்மதியாக இருந்திருப்பான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பாக்கியலட்சுமி போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"தம்பி, ஒங்க சர்டிஃபிகேட் எப்பப் பொறந்துச்சு? எதுவரைக்கும் ஆயுசு? சரியாச் சொல்லுங்க."

நிஜாம் தன் சான்றிதழின் ஜாதகத்தைத் திறந்து வாசித்தான். எந்த நாளில் உயிர் பெற்றது, செப்டம்பரில் எந்த நாளோடு முடிகிறது, இரண்டும் அதிலேயே எழுதியிருந்தன. அவள் சுவரிலிருந்து தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் போட்டு, இரண்டையும் பொருத்தம் பார்த்தாள். கிலாங் மூடப்போகிறது என்று நிஜாம் நினைவூட்டினான். சாமி காரியத்தில் அவசரப்படுத்தக் கூடாது என்று அவள் சொன்னாள். நிஜாமும், பாவம், தானும் சாமி காரியமாகத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது என்று பணிவாகச் சொன்னான். அவள் விரல் ஒரு தாளில் நின்றது. வரும் புதன்கிழமை. ஆவணி. சான்றிதழின் ஆயுளுக்குள் வருகிறது, முகூர்த்த நாள்.

"அன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம்னு நீதான சொன்ன?" என்றார் தனபாலன்.

"ஒங்களுக்குத்தான? எனக்கு இல்லையே. தள்ளுங்க."

தனபாலன் எழுந்தார். கம்ப்யூட்டரைத் தையிலிருந்து பிடித்து இழுத்து, மார்கழி, கார்த்திகை எல்லாம் தாண்டி ஆவணிப் புதன்கிழமை காலை முகூர்த்த நேரத்தில் நிறுத்தினார். வரியை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். இடம் விடவில்லை. மைனஸ் கே இல்லை. பாக்கியலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, திருநீறு பூசிய கையோடு எண்டரை அழுத்தினாள்.

கர்ல் செங் போய்க் கதவைத் தட்டியது. சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திட்டவில்லை. எண்கள் ஏற ஆரம்பித்தன. தொண்ணூறு சொச்சத்தில் ஒரு மூச்சு நின்றது. அப்போது தனபாலனின் மூச்சும் நின்றது, கடைக்கு வெளியே போன மோட்டார் சைக்கிள் ஒன்றும் நின்றதாக அவர் பின்னாளில் சொல்வார். பிறகு நூறு. போனில் நிஜாம், கார்டு வந்துவிட்டது, கிளியராக இருக்கிறது, பிளேட்டுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு, சலாம் சொல்லக்கூட நேரமில்லாமல் பள்ளிவாசலுக்கு ஓடினான்.

சனிக்கிழமை தனபாலனே போய்க் கார்டை வாங்கி வந்தார். ஞாயிறு காலை செர்காம் கோயிலில் இருளாண்டி கார்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார், விரலில் எதுவும் ஒட்டவில்லை. திறந்து காதருகே வைத்துப் பார்த்தார், எதுவும் வாசிக்கவில்லை. பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணினார். தன் பக்கத்தில் யாரும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் வாடியது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பூசாரியிடம் கொடுத்தார். தனபாலனுடைய கார்டு அம்மன் காலடிக்குப் போனது. தனபாலன் வெள்ளிக்கிழமையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அங்கேதான் விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் இருளாண்டி. பிறகு சந்தேகத்தோடு, "நேத்துவரைக்கும் ஆடியாச்சே சம்பந்தி. ஆடியிலயா அச்சுக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டார்.

தனபாலன் வாயைத் திறந்தார். பாக்கியலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ஆடியில யாரு அனுப்புவா அண்ணே? ஆவணி பொறந்து புதன்கெழம, நல்ல முகூர்த்தத்துலதான் அனுப்புனோம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆவணி பிறந்து இன்னும் அரை நாள்கூட ஆகவில்லை. தனபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு, இருளாண்டி விரல்விட்டு எண்ணி முடிப்பதற்காகக் காத்திருந்தார். இருளாண்டி எண்ணினார். நிதானமாக, இரண்டு தடவை எண்ணினார்.

"புதன் நல்ல நாள்தான்," என்று தலையாட்டினார். "நானும் அன்னிக்குத்தான் ஒரு இஞ்சின் வாங்குனேன். இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."